ஆண்டுக் கட்டணம் கேட்கும் கிளினிக்: எது சட்டப்படி, எது நியாயம்? (ஒன்ராறியோ)

வல்லை_மார்க்கம் | 2025 மே 12, இரவு 9:14

மார்க்கம், ஸ்காபரோ, ஏஜாக்ஸ் பக்கமெல்லாம் காசு கேட்கும் கிளினிக் விளம்பரங்கள் கூடிவிட்டன. பார்த்தால் மூன்று ரகம். ஒன்று, நேர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதக்கூடிய, மேற்படிப்பு முடித்த நேர்ஸ்) நடத்துவது. ஒரு தடவைக்கு இவ்வளவு, அல்லது வருடத்துக்குச் சில நூறு டொலர். அடுத்தது டவுன்டவுனில் உள்ள ‘எக்ஸிக்யூட்டிவ் ஹெல்த்’ வகை, வருடத்துக்குப் பல ஆயிரம். மூன்றாவது, சாதாரணக் குடும்ப வைத்தியரின் கவுண்டரில் நீட்டப்படும் ‘ஆண்டுத் திட்டம்’ படிவம். குடும்பத்துக்கு நூற்றைம்பது, இருநூறு என்று போட்டிருக்கும்.

கனடாவில் டொக்டரைப் பார்க்கக் காசு கேட்கக் கூடாது என்றுதானே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? பிறகு இவை எப்படி ஓடுகின்றன? கட்டுகிறவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? கட்ட முடியாதவரின் இடத்தை அது பறிக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் விபரமாக எழுதுங்கள். கிளினிக் பெயர்கள் வேண்டாம்.

பில்லிங்மேசை | மே 12, இரவு 10:40

மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு. ஒன்றாகப் போட்டுக் கதைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் அடித்தளம். 1984ஆம் ஆண்டு கனடா ஹெல்த் அக்டின் 18ஆம் பிரிவு மேலதிக பில்லிங்கை (அரசுக் காப்பீடு தரும் தொகைக்கு மேல் நோயாளியிடம் வாங்குவதை) தடுக்கிறது, 19ஆம் பிரிவு பயனாளர் கட்டணத்தை. ஆனால் அந்தச் சட்டம் டொக்டரைத் தொடுவதே இல்லை. மாகாணம் கண்டும் காணாமல் விட்டால், ஒட்டாவா அந்த மாகாணத்துக்குக் கொடுக்கும் பணத்தில் டொலருக்கு டொலர் வெட்டும், அவ்வளவுதான். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 2018, 2019 இரண்டு ஆண்டும் சுமார் 16 மில்லியன் டொலர் வெட்டு விழுந்தது இப்படித்தான்.

ஒன்ராறியோவில் டொக்டரைப் பிடிப்பது மாகாணத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டம். ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு) தரும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது (பிரிவு 10). ஓஹிப் சேவையில் முன்னுரிமை தருவதற்குக் காசு வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது (பிரிவு 17). பிளாக் ஃபீ (கீழே விளக்குகிறேன்) கட்டவில்லை என்பதற்காகச் சேவையை மறுக்கக் கூடாது (பிரிவு 18). அதோடு, 2004க்குப் பிறகு எந்த டொக்டரும் புதிதாக ஓஹிப்பை விட்டு வெளியேற முடியாது. முன்பே வெளியே நின்ற சிலர் மட்டும் அப்படியே தொடரலாம்.

இப்போது உங்கள் மூன்றாவது ரகம். அதன் பெயர்தான் பிளாக் ஃபீ. ஓஹிப் காசு தராத வேலைகளுக்கு மொத்தமாக ஒரு தொகை: சிக் நோட், இன்சூரன்ஸ் படிவம், சாரதி மெடிக்கல், பயணத் தடுப்பூசி, வேலைக்கான டிபி தோல் பரிசோதனை, பார்க்காமலே ஃபார்மசிக்கு அனுப்பும் மருந்துப் புதுப்பிப்பு, ஃபைல் மாற்றம். இவற்றுக்குக் காசு கேட்பது சட்டப்படி சரி. ஆனால் வைத்தியர்களுக்கு உரிமம் தந்து கண்காணிக்கும் வைத்தியர் கல்லூரியின், அதாவது சிபிஎஸ்ஓவின் விதிகள் இறுக்கமானவை:

– விரும்பினால் மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டும் வழியும் அதே தாளில் இருக்க வேண்டும்.
– எழுத்தில் வேண்டும், எது எது அடக்கம் என்ற பட்டியலோடு.
– குறைந்தது 3 மாதம், கூடியது 12 மாதம்.
– கட்டிய பிறகு மனம் மாறினால் ஒரு வாரத்துக்குள் விலகலாம்.
– ‘எப்போதும் கிடைப்பேன்’ என்ற உறுதிக்காகக் காசு வாங்கக் கூடாது.

கடைசி வரியை இன்னொரு தடவை வாசியுங்கள். ‘கட்டினால் அதே நாளில் அப்பொயின்ட்மென்ட்’ என்று படிவத்தில் எழுதியிருந்தால் அது பிளாக் ஃபீயே அல்ல, 17ஆம் பிரிவுக்குள் விழும் விஷயம்.

வன்னியன் | மே 12, இரவு 11:05

எல்லாம் சரி அண்ணை. ஆனா கவுண்டரிலை அந்தப் பிள்ளை பேப்பரை நீட்டி ‘எல்லாரும் கட்டினவை’ எண்டு சொன்னா, எங்கட அம்மம்மா மாட்டன் எண்டே சொல்லப் போறா? விரும்பினால் எண்டது பேப்பரிலைதான். டொக்டரை இழந்திடுவம் எண்ட பயத்திலைதான் சனம் கட்டுது.

பில்லிங்மேசை | மே 13, காலை 7:20

உண்மை. அதனால் கவுண்டரில் நின்று சட்டம் பேச வேண்டாம். இரண்டு கேள்வி போதும். ‘இதைக் கட்டாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் என்ன விலை? அந்த விலைப்பட்டியலைத் தாருங்கள்.’ பிறகு, ‘வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தரலாமா?’ ஒழுங்கான அலுவலகம் இரண்டுக்கும் ஆம் என்றுதான் சொல்லும்.

வீட்டில் வந்து கணக்குப் போடுங்கள். ஒரு மருந்துப் புதுப்பிப்பு 20 டொலர் என்று பட்டியலில் இருந்து, ஆண்டுத் தொகை 160 என்றால், வருடத்துக்கு எட்டு வேலை நடந்தால்தான் சமன். நீரிழிவு, பிரஷர் மருந்தை 3 மாதத்துக்கு எழுதி மூன்று ரீஃபில் போட்டால் ஒரு வருடம் ஓடிவிடும். சிக் நோட்டின் தேவையும் குறைந்துவிட்டது. 2024 ஒக்டோபர் 28 முதல், சட்டம் தரும் மூன்று நாள் சுகவீன விடுப்புக்கு டொக்டர் கடிதம் கேட்க முதலாளிக்கு உரிமை இல்லை.

இன்னொன்று, அடிக்கடி பிழைக்கிற இடம். டொக்டர் தொலைபேசியில் உங்களோடு கதைத்து, நிலைமையைக் கேட்டு, மருந்து எழுதினால் அது ஓஹிப் கட்டும் விசிட். அதற்கு ‘ஃபோன் ரீஃபில்’ என்று 20 டொலர் கேட்க முடியாது. கதைக்காமல் ஃபாக்ஸில் மட்டும் புதுப்பித்தால்தான் அந்தக் கட்டணம்.

மிசிசாகா_பாலு | மே 13, காலை 8:52

எல்லாரும் காசு வாங்குறதையே குத்தமா பேசுறீங்க. கொஞ்சம் மறுபக்கமும் பார்க்கணும். ஒன்ராறியோவில் குடும்ப டாக்டர் இல்லாதவங்க 25 லட்சம் பேர்னு 2024ல குடும்ப மருத்துவர் கல்லூரியே சொல்லுச்சு. காதுல சீழ் வடியுற குழந்தையோட எமர்ஜென்சியில ஆறு எட்டு மணி நேரம் உட்காருறதுக்குப் பதிலா, எண்பது டாலர் கொடுத்து ஒரு நர்ஸ் பிராக்டிஷனரைப் பார்க்கிறது யாருக்கு நஷ்டம்? எமர்ஜென்சியில ஒரு நாற்காலி காலியாகுது.

அதோட, இந்த நாட்டில் மொத்த மருத்துவச் செலவில் அரசு கொடுக்கிறது எழுபது சதவீதம் அளவுதான். பல், கண், பிசியோ, மாத்திரை எல்லாம் பெரும்பாலும் நம்ம பாக்கெட் அல்லது ஆபீஸ் இன்சூரன்ஸ். அங்கெல்லாம் நியாயம் பேசாதவங்க டாக்டர் விஷயத்தில் மட்டும் ஏன் இப்படித் துள்ளுறீங்க?

ரூஜ்கரை | மே 13, மதியம் 12:31

பாலு, பல்லுக்கும் நியாயம் பேசத்தான் வேண்டும். பேசியதால்தான் ஃபெடரல் பல் திட்டமே வந்தது. அது இருக்கட்டும். ‘நாற்காலி காலியாகிறது’ என்ற வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது: அந்த நேர்ஸ் பிராக்டிஷனர் நேற்று எங்கே வேலை செய்தார்?

ஓய்விலிருந்து திரும்பி வந்தவராக இருந்தால் நீங்கள் சொல்வது சரி, வரிசை உண்மையாகவே குறைகிறது. பொதுக் கிளினிக்கிலிருந்தோ வார்டிலிருந்தோ வந்தவராக இருந்தால், அங்கே அவரிடம் இலவசமாக வந்துகொண்டிருந்தவர்கள்தான் இப்போது எமர்ஜென்சி நாற்காலியில் இருக்கிறார்கள். காசு புதிய மணிநேரத்தை உண்டாக்குவது குறைவு. இருக்கிற மணிநேரத்தை இடம் மாற்றுவதுதான் கூட.

எண்ணில் பாருங்கள். ஒரு குடும்ப வைத்தியர் 1,300 பேரைப் பார்க்கிறார் என்று வைப்போம். கட்டணம் கட்டும் 400 பேரை மட்டும் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கப் போகிறேன் என்று மாறினால், 900 பேர் தெருவுக்கு வருகிறார்கள். அந்த 900இல் யார் இருப்பார்கள்? கட்ட முடியாதவர், மொழி தெரியாதவர், ஐந்தாறு நோயும் பத்து மருந்தும் உள்ள முதியவர். இருக்கப்போகும் 400 பேர் சராசரியாக ஆரோக்கியம் கூடியவர்கள். ஆகப் போனது 900 தலை மட்டுமல்ல, வேலையில் அதைவிடப் பெரிய பங்கு. அமெரிக்காவில் இது வெளிப்படையாகவே நடக்கிறது. 2000இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய எம்டிவிஐபி ஒரு டொக்டருக்கு 600 பேருக்கு மேல் எடுப்பதில்லை. அதற்கும் முன்னோடியான, 1996இல் சியாட்டிலில் தொடங்கிய எம்டி ஸ்குவேர்டில் ஒரு டொக்டருக்கு 50 குடும்பம்.

ஒன்ராறியோவில் டொக்டர்கள் அப்படி மாற முடியாததற்கு ஒரே காரணம், பில்லிங்மேசை சொன்ன வெளியேறத் தடை. கியூபெக்கில் அந்தத் தடை இல்லாமல் இருந்தது. அங்கே பொதுத் திட்டத்தை விட்டு வெளியே போன டொக்டர்கள் 500க்கு மேல், பெரும்பாலோர் குடும்ப வைத்தியர்கள். முழுக் காசும் நோயாளியின் கையிலிருந்து, அரசிடம் திரும்பக் கேட்க முடியாது. கடைசியில் கியூபெக் அரசே பயந்து, 2025 ஏப்ரலில் சட்டம் போட்டது: புதிய டொக்டர்கள் முதல் ஐந்து வருடம் பொதுத் திட்டத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

வன்னியன் | மே 13, மதியம் 1:10

அப்ப டவுன்டவுன் பெரிய கொம்பனிகள்? அங்கை டொக்டர்தானே பாக்கிறார். அது எப்படி தப்புது?

ரூஜ்கரை | மே 13, மாலை 5:48

பல சேவைகளை ஒரே பொதியாகக் கட்டி விற்பதால் தப்புகிறது. நீங்கள் கட்டும் மூவாயிரம், நாலாயிரம் டொலருக்கு பில்லில் டொக்டர் விசிட் என்று ஒரு வரியும் இருக்காது. உணவு ஆலோசகர், பிசியோ, உடற்பயிற்சி மதிப்பீடு, மரபணுப் பரிசோதனை, ஓஹிப் தராத ரத்தப் பரிசோதனைகள், ஒரு ‘ஒருங்கிணைப்பாளர்’. டொக்டர் உங்களைப் பார்த்ததற்கு ஓஹிப்புக்கே பில் போகும். காகிதத்தில் டொக்டருக்குக் காசு கட்டவில்லை.

கேள்வி இதுதான்: அந்த மூவாயிரத்தைக் கட்டாமல் அதே டொக்டரிடம் அப்பொயின்ட்மென்ட் எடுக்க முடியுமா? முடியாது என்றால் அந்தத் தொகை உள்ளே போவதற்கான நுழைவுச் சீட்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மெடிக்கல் சர்வீசஸ் கமிஷன் 2022 டிசம்பரில் டெலஸ் ஹெல்த் நிறுவனத்தின் லைஃப்பிளஸ் என்ற ஆண்டுக் கட்டணத் திட்டத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது இந்தக் கேள்வியோடுதான். 2023இல் சமரசமாக முடிந்தது. அதனால் நீதிபதி கோடு கிழித்துத் தந்த தீர்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

வான்கூவரின் கேம்பி என்ற தனியார் அறுவைச் சிகிச்சை நிலையத்தின் வழக்கோடு இதைக் குழப்பாதீர்கள். அது அறுவைச் சிகிச்சை வரிசை பற்றியது. 2020 செப்டம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியா உயர்நீதிமன்றத்திலும் 2022 ஜூலையில் மேல்முறையீட்டிலும் டொக்டர் பிரையன் டே தரப்பு தோற்றது. 2023 ஏப்ரல் 6இல் கனடா உச்ச நீதிமன்றம் கேட்கவே மறுத்தது.

நேர்ஸ்_கோகி | மே 13, இரவு 9:37

முதலாவது ரகத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். என்பி என்று சுருக்கிக்கொள்கிறேன்.

கனடா ஹெல்த் அக்ட் ‘வைத்தியர் சேவை’ என்றால் மெடிக்கல் பிராக்டிஷனர் செய்வது என்று எழுதியிருக்கிறது. 1984இல் என்பிகள் தனியாகக் கிளினிக் நடத்துவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஒன்ராறியோவில் என்பிக்கு ஓஹிப் பில்லிங் எண் கிடையாது. சம்பளத்தில் வேலை செய்யலாம்: மருத்துவமனை, குடும்ப நல அணி, சமூக சுகாதார நிலையம், அல்லது என்பி தலைமையிலான பொதுக் கிளினிக். அந்தக் கிளினிக்குகளில் முதலாவது 2007இல் சட்பரியில் திறந்தது, இப்போது மாகாணம் முழுக்க 25. சம்பள இடம் கிடைக்காத என்பி கிளினிக் திறந்தால், வாடகைக்கும் உதவியாளருக்கும் காசு நோயாளியிடம்தான் வாங்க வேண்டும். வேறு வழியை அரசு வைக்கவில்லை. பேராசை என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கட்டுகிறவர் தெரிந்திருக்க வேண்டியது: காசு விசிட்டுக்கு மட்டும். என்பி எழுதும் ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் எல்லாம் ஓஹிப் அட்டையிலேயே நடக்கும். அதற்குத் தனியாகக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பிஎஸ்ஏ (புரோஸ்டேட் ரத்தப் பரிசோதனை), வைட்டமின் டி போன்ற சில பரிசோதனைகளுக்கு அறிகுறியோ குறிப்பிட்ட நோயோ இல்லாவிட்டால் டொக்டரிடம் போனாலும் உங்கள் காசுதான், முப்பது டொலரைச் சுற்றி.

சேரும் முன் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். வருடத்துக்கு எத்தனை விசிட். பரிசோதனை முடிவு மோசமாக வந்தால் அதைச் சொல்லும் விசிட்டுக்கும் காசா. என்பி விடுமுறையில் போனால் யார் முடிவுகளைப் பார்ப்பது. மூன்றாவதுதான் உயிர் விஷயம். ஒரே என்பி நடத்தும் கிளினிக்கில் வெள்ளி மாலை வரும் ஆபத்தான பொட்டாசியம் முடிவை யாரும் திங்கள் வரை திறக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்துக்குத் தரும் விளக்கம் மாறுகிறது. 2025 ஜனவரியில் அப்போதைய ஃபெடரல் சுகாதார அமைச்சர் மார்க் ஹோலண்ட் மாகாணங்களுக்கு எழுதிய கடிதத்தின்படி, டொக்டர் செய்தால் காப்பீட்டில் வரும் சேவையை என்பி செய்தாலும் நோயாளியிடம் காசு வாங்குவது 2026 ஏப்ரல் 1 முதல் மேலதிகக் கட்டணமாகவே எண்ணப்படும். மாகாணம் என்பிக்குக் காசு கொடுக்கும் வழியை அதற்குள் ஏற்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு. ஆகவே இப்போது இரண்டு, மூன்று வருடத்துக்கு முன்பணம் கட்டச் சொல்லும் திட்டம் எதிலும் சேராதீர்கள்.

மிசிசாகா_பாலு | மே 13, இரவு 10:15

கோகி மேடம், நீங்க சொன்னதுதான் என் வாதம். வழியை அடைச்சுட்டு, அடைச்ச இடத்துல கடை போட்டவனைத் திட்டுறோம்.

குடும்பவைத்தியம் | மே 14, காலை 6:30

டொக்டர்கள் பக்கத்தில் காசு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இந்த விவாதம் கொஞ்சம் தெளியும்.

எஃப்எச்ஓ என்ற குழு முறையில் வேலை செய்யும் குடும்ப வைத்தியருக்கு, 2025 நிலவரப்படி, நீங்கள் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டதும் உங்கள் வயது, பாலினம் பார்த்து ஒரு ஆண்டுத் தொகை கிடைக்கிறது. வந்தாலும் வராவிட்டாலும். அதற்கு மேல் ‘அக்சஸ் போனஸ்’ ஒன்று இருக்கிறது, அடிப்படைத் தொகையில் சுமார் 18.6 வீதம். நீங்கள் வேறு குடும்ப வைத்தியரிடமோ வோக்-இன் கிளினிக்கிலோ ஓஹிப் அட்டையைத் தேய்த்தால், அந்த விசிட்டின் தொகை என் போனஸிலிருந்து கழியும். எமர்ஜென்சிக்குப் போனால் கழியாது. ஸ்பெஷலிஸ்டிடம் போனாலும் கழியாது.

இதன் விளைவு விசித்திரமானது. தடிமன் காய்ச்சலுக்கு நீங்கள் வோக்-இன் போனால் சில அலுவலகங்கள் முகம் சுளிக்கும். அதே காய்ச்சலுக்கு எமர்ஜென்சி போனால் பொதுப்பணம் பல மடங்கு செலவாகும், ஆனால் என் கணக்கில் ஒரு சதமும் குறையாது. காசு கட்டும் என்பியிடம் போனாலும் குறையாது, ஏனென்றால் அங்கே ஓஹிப் பில்லே இல்லை. வெளியே காசு கட்டிப் பார்ப்பவர்களால் எனக்கு வருமான நட்டம் இல்லை என்பதே இந்த முறையின் கோணல்.

எஃப்எச்ஓவில் மாலை, வார இறுதி கிளினிக் மூன்று மணிநேரப் பிளாக்குகளாக நடத்துவது ஒப்பந்தக் கடமை. உங்கள் டொக்டர் இல்லாவிட்டாலும் குழுவில் ஒருவர் இருப்பார். அந்த அட்டவணையை ரிசெப்ஷனில் கேட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். காசு கட்டுபவர்களில் கணிசமானோர், தங்களுக்கு ஏற்கனவே உரிமையான மாலை நேரக் கிளினிக்கைத் தெரியாமலே கட்டுகிறார்கள்.

‘ரோஸ்டரிலிருந்து (அந்தப் பதிவுப் பட்டியலிலிருந்து) எடுத்துவிடுவோம்’ என்று யாராவது மிரட்டினால், அதற்கும் நோயாளி உறவை முறிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ரோஸ்டரில் இல்லாதவரையும் விசிட்டுக்கு விசிட் ஓஹிப் பில் போட்டுப் பார்க்கலாம்.

எக்ஸிக்யூட்டிவ் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. 2013 முதல் ஓஹிப் ‘வருடாந்த முழுப் பரிசோதனை’ என்று ஒன்றுக்குக் காசு தருவதில்லை. ஆரோக்கியமான 18 முதல் 64 வயதினருக்குக் காலமுறை விசிட் மட்டும், பில்லிங்கில் கே131. எல்லாவற்றையும் வருடா வருடம் தட்டிப் பார்ப்பதால் ஆயுள் கூடுவதாக ஆதாரம் இல்லை என்பதே காரணம். நாலாயிரம் டொலர் பரிசோதனையில் நுரையீரலில் நாலு மில்லிமீட்டர் புள்ளி, தைரொயிட்டில் ஒரு முடிச்சு என்று ஏதாவது கட்டாயம் தென்படும். அதைத் தொடர்ந்து வரும் சிடி, பயோப்சி, ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் ஓஹிப் கணக்கில், பொது வரிசையில். அறிகுறியோடு காத்திருப்பவருக்கு முன்னால் அறிகுறி இல்லாதவர் வந்து நிற்பது இந்த வழியால்தான். நியாயம் பற்றிப் பேசுபவர்கள் நுழைவுக் கட்டணத்தையே பார்க்கிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதன் பின்னால் பொதுத் தலையில் விழும் இந்தச் செலவு.

சேலம்_டு_பிராம்ப்டன் | மே 14, மாலை 4:02

சூப்பர் விசாவில் வரும் அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் பொருந்துமா? ஓஹிப் இல்லையே.

பில்லிங்மேசை | மே 14, மாலை 6:25

பொருந்தாது. ஓஹிப் இல்லாதவருக்கு 2004 சட்டத்தின் பாதுகாப்பு இல்லை, டொக்டர் தன் விலையைச் சொல்லலாம். போகும் முன் தொலைபேசியில் விலை கேளுங்கள்.

சூப்பர் விசாவுக்குக் கட்டாயமான காப்பீடு குறைந்தது 100,000 டொலருக்கு, ஒரு வருடத்துக்கு. ஆனால் அது அவசரத்துக்கு. மாதாந்த பிரஷர் மாத்திரைக்கோ, வழமையான சர்க்கரைப் பரிசோதனைக்கோ தராது. பழைய நோய்க்கு ‘ஸ்டேபிள்’ நிபந்தனை இருக்கும், பாலிசியைப் பொறுத்து 90, 120 அல்லது 180 நாள். ஊரில் டாக்டர் புறப்படும் முன் மருந்தின் அளவை மாற்றிக்கொடுத்தால், அது குறைப்பாக இருந்தாலும், நிலையாக இல்லை என்று க்ளெய்மைத் தள்ளிவிடலாம். ஆகவே மாற்றம் வேண்டுமென்றால் பயணத்துக்கு முன்பே, போதிய மாதம் விட்டுச் செய்யுங்கள். பிராண்ட் பெயர் இங்கே யாருக்கும் புரியாது. மருந்தின் ஜெனரிக் பெயரையும் மில்லிகிராமையும் டைப் செய்த கடிதமாக வாங்கி வரச் சொல்லுங்கள்.

சமூக சுகாதார நிலையங்கள் ஓஹிப் இல்லாமல் இங்கே வாழ்பவர்களையும் பார்ப்பவை. வருகையாளரைப் பல இடங்கள் எடுப்பதில்லை. பிஆர் (நிரந்தர வதிவுரிமை) கிடைத்து வருபவருக்கு இந்தக் கவலை இல்லை. பழைய மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் எடுக்கப்பட்டுவிட்டது.

வரிசைக்காரி | மே 14, இரவு 8:50

காசு கட்டுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவற்றை யாரும் எழுதவில்லை.

டொக்டர் இல்லாதவருக்கு டொக்டர் தேடித்தரும் மாகாணச் சேவையான ஹெல்த் கேர் கனெக்டில் பதியுங்கள். இணையத்திலும் முடியும், 811 அடித்தும் முடியும். 811இல் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். ஹெல்த் கார்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும். வீட்டில் நாலு பேர் என்றால் நாலு பதிவு. நோய் விபரக் கேள்விகளுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று வெட்கத்தில் சொல்லாதீர்கள். தேவை கூடியவருக்கு முன்னுரிமை, அதை அந்தப் பதில்களை வைத்துத்தான் பார்க்கிறார்கள். வீடு மாறினால் தபால் குறியீட்டை மாற்றுங்கள்.

பலர் மாட்டுப்படும் இடம்: ஓய்வுபெற்ற அல்லது ஊர் மாறிய பழைய டொக்டரின் ரோஸ்டரில் உங்கள் பெயர் இன்னும் கிடக்கும். கணினியைப் பொறுத்தவரை உங்களுக்கு டொக்டர் இருக்கிறார், அதனால் வரிசை நகராது. சர்வீஸ் ஒன்ராறியோவை அழைத்து அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் பிறகு பதியுங்கள்.

பதிந்தவர்களுக்கு இப்போது கொஞ்சம் நம்பிக்கை உண்டு. எல்லோருக்கும் குடும்ப வைத்திய வசதி ஏற்படுத்த அமைத்த, டொக்டர் ஜேன் ஃபில்போட் தலைமையிலான அணிக்காக மாகாணம் 2025 ஜனவரியில் 1.8 பில்லியன் டொலர் அறிவித்தது. 2025 ஜனவரி 1இல் பட்டியலில் இருந்தவர்களுக்கு 2026 வசந்தத்துக்குள் இடம் என்பது அவர்களின் வாக்கு. வாக்குத்தான்.

பக்கத்திலேயே தேடுவதென்றால் சிபிஎஸ்ஓ இணையப் பதிவேட்டில் டொக்டர் பேசும் மொழியையும் பார்க்கலாம், தமிழ் உட்பட. ‘புதிய நோயாளி எடுக்கிறோம்’ என்று சொன்ன இடத்தில் வந்த வரிசைப்படிதான் எடுக்க வேண்டும். முதல் சந்திப்பு என்று கூப்பிட்டு, மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு ‘எங்களால் முடியாது’ என்று கஷ்டமான நோயாளிகளைக் கழித்துவிடுவது சிபிஎஸ்ஓ கொள்கைக்கு மாறானது.

டொக்டர் இல்லாமலே கிடைப்பவையும் உண்டு. சிறுநீர்த் தொற்று, கண் சிவத்தல் உட்பட 19 சிறு நோய்க்கு ஃபார்மசிஸ்டே மருந்து எழுதலாம், அவர் பார்ப்பதற்குக் காசில்லை. 50 முதல் 74 வயதினர் பெருங்குடல் பரிசோதனைக் கிட்டை 811 மூலம் கேட்கலாம். மார்பக ஸ்கிரீனிங்குக்கு 40 வயதிலிருந்தே பெண்கள் தாங்களே பதியலாம், 2024 ஒக்டோபரிலிருந்து. இவற்றையெல்லாம் பொதி கட்டி நானூறு டொலருக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

மிசிசாகா_பாலு | மே 14, இரவு 9:33

நல்ல தகவல். கட்டினவங்களுக்கு ஒரு டிப்: மருத்துவச் செலவு வரிக்கழிவில் போடலாம், லைன் 33099.

ரூஜ்கரை | மே 14, இரவு 10:20

போடலாம், ஆனால் பெரும்பாலும் ஒன்றும் வராது. 2024 வரிக்கணக்கில், நிகர வருமானத்தின் 3 வீதம் அல்லது 2,759 டொலர், இதில் எது குறைவோ அதைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் கழிவு. வருமானம் 80,000 என்றால் தாண்ட வேண்டியது 2,400. என்பிக்குக் கட்டிய 400 தனியாக நின்றால் பூச்சியம். நாலாயிரம் கட்டியவருக்குக் கொஞ்சம் திரும்பும். அதாவது சிறு தொகை கட்டும் குடும்பத்துக்கு இல்லாத பொதுப்பணச் சலுகை, பெரிய தொகை கட்டக்கூடியவருக்கு இருக்கிறது. ‘மெம்பர்ஷிப்’ என்று மட்டும் எழுதிய ரசீதை வருமான வரி அலுவலகம் ஏற்காமல் விடலாம். எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று பிரித்து வாங்குங்கள்.

மட்டுறுத்துநர் | மே 14, இரவு 10:41

ஒரு கிளினிக்கின் பெயரும் முகவரியும் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. புகார் இருந்தால் டொக்டர் பற்றியது சிபிஎஸ்ஓவுக்கு, என்பி பற்றியது நேர்ஸ்கள் கல்லூரிக்கு, சட்டவிரோதக் கட்டணம் பற்றியது மாகாண சுகாதார அமைச்சுக்கு.

வன்னியன் | மே 15, காலை 9:05

கடைசியா ஒண்டு. டொக்டர் மாறுறதுக்கு ஃபைல் கேட்டா 200 டொலர் எண்டுகினம். அது சரியே?

பில்லிங்மேசை | மே 15, காலை 9:48

பக்க எண்ணிக்கையைக் கேளுங்கள். தகவல், தனியுரிமை ஆணையாளர் ஏற்றுக்கொண்டிருக்கும் அளவு: முதல் 20 பக்கத்துக்கும் சேர்த்து 30 டொலர், அதற்கு மேல் பக்கத்துக்கு 25 சதம். 200 பக்க ஃபைல் என்றால் 30 உடன் 45, மொத்தம் 75. 200 டொலர் வர வேண்டுமென்றால் 700 பக்கம் இருக்க வேண்டும்.

முழு ஃபைலும் தேவையில்லை என்றால் இவ்வளவு மட்டும் கேளுங்கள்: நோய்ச் சுருக்கம், மருந்துப் பட்டியல், தடுப்பூசி அட்டை, கடைசி இரண்டு வருட ரத்த முடிவுகள், ஸ்பெஷலிஸ்ட் கடிதங்கள். எழுத்தில் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெரியவரின் ஃபைலைக் கடைசிப் பதிவிலிருந்து 10 வருடம் வைத்திருக்க வேண்டியது டொக்டரின் கடமை, அதனால் இன்றே முழுவதும் எடுக்காவிட்டால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொகை இன்னும் கூடவென்று நினைத்தால் அதே ஆணையாளரிடம் புகார் செய்யலாம். பக்க எண்ணிக்கையோடு விலையைப் பிரித்து எழுதிய பில்லை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.